ஒன்பது கேள்விகளும் எட்டுச் சந்திப்புகளும்

சுங்கை சிப்புட் போன்ற ஓர் ஊரின் அரசாங்க கிளினிக்கில் காலை ஏழரைக்கே நம்பர் எடுத்து உட்கார்ந்திருப்பவர்களில் நிறையப் பேர் சீனிக்கும் பிரஷருக்கும் மருந்து வாங்க வந்தவர்கள். விரலைக் குத்தி ரத்தம் பார்ப்பார்கள், எடை போடுவார்கள், மிஸ்ஸி பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போகவேண்டும். அந்த வரிசையில் அறுபதைத் தொடும் ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இளமையில் பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறியபின் தாமான் வீட்டுக்கு வந்தவர். பிள்ளைகள் ஷா ஆலமிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். டாக்டர் இளைஞர், மலாய்க்காரர், பண்பானவர். தூக்கம் இல்லை, உடம்பு வலி, தலை கனம் என்று தனக்குத் தெரிந்த மலாயில் அவரிடம் சொல்கிறார் அந்த அம்மா. மூன்றும் உண்மை. கோயிலுக்குப் போய் மாதங்கள் ஆகிவிட்டன, குழம்பு வைக்கக்கூடக் கை எழவில்லை, விடியற்காலையில் விழித்தால் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இவையும் உண்மைதான். ஆனால் இதையெல்லாம் சொல்ல அவருடைய சந்தை மலாய் போதாது. தமிழிலேயே என்றாலும் யாராவது கேட்டால்தான் வாய்விட்டு வரும். டாக்டர் மெட்ஃபோர்மின் அளவைக் கொஞ்சம் கூட்டுகிறார், பனடோல் எழுதுகிறார், அடுத்த தேதி கொடுக்கிறார். வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள்.

இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. அந்த அம்மாவின் மனச்சோர்வு யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான். மனச்சோர்வு ஆராய்ச்சி என்றதும் வெள்ளைக் கோட்டும் மூளைப் படமும் மனதில் வருகின்றன. ஆனால் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் இந்த அம்மாவுக்கு உதவக்கூடிய பரிசோதனைகள் பெரும்பாலும் இவர் உட்கார்ந்திருப்பது போன்ற பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நடந்தவை. இருக்கிற மருத்துவத்தை இவர் வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பது எப்படி, சேர்த்தால் அது வேலை செய்கிறதா என்பதே அங்கே ஆராய்ச்சிக் கேள்வி. கேட்க எளிமையாக இருக்கிறது. மருத்துவ உலகம் இந்தக் கேள்விக்கு வந்து சேர நூறு ஆண்டுகள் பிடித்தன.

சுங்கை சிப்புட் இருக்கும் பேராக்கில் அந்த நூறாண்டு தஞ்சோங் ரம்புத்தானில் தொடங்குகிறது. ஈப்போவுக்கு வெளியே, மலையடிவாரத்தில், 1911-இல் ஆங்கில அரசு கூட்டரசு மலாய் மாநிலங்களுக்கான பைத்தியக்கார விடுதியைத் திறந்தது. 1928-இல் அது மத்திய மனநோய் மருத்துவமனை ஆயிற்று. 1971-இல் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை என்று பெயர் மாறியது. பெயர் மாறினாலும் ஊர்வாய் மாறவில்லை. சண்டையில் ஒருவரை அந்த ஊருக்குப் போகச் சொல்வது இன்றைக்கும் பேராக் பிள்ளைகளுக்குத் தெரிந்த வசவு. நெரிசலின் உச்சத்தில் அங்கே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். வந்தவர்களில் பலர் போலீஸ் பிடித்து வந்தவர்கள், தெருவில் கத்தியவர்கள், தோட்டத்தில் கலாட்டா செய்தவர்கள். மனச்சோர்வு உள்ளவர் கத்துவதில்லை. விடியற்காலைப் பிரட்டுக்கு வந்து பெயர் கொடுத்து, தன் நிரை மரங்களை வெட்டி முடித்துவிட்டு, லயத்து வீட்டுக்குத் திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அவரை யாரும் எங்கேயும் கொண்டுபோனதில்லை. விடுதிச் சுவருக்குள் பிறந்த மனநல மருத்துவம் தன் மிகப் பெரிய நோயாளிக் கூட்டத்தை நெடுங்காலம் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

தோட்டத்து டிரெஸ்ஸர் அவரைப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்தக் கால டிரெஸ்ஸரிடம் தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் மனவலிக்கும் ஒரே மிக்சர்தான் இருந்தது என்று பெரியவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

மருந்துகளின் கதை வேறு திசையில் நடந்தது. அதில் பாதி தற்செயல். 1952-இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் தேறுவதற்கு முன்னாலேயே நோயாளிகளின் முகம் தேறியது; படுத்தே கிடந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள், சாப்பாடு கேட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர், மனப்பிளவுக்கு என்று தயாரித்த இமிப்ரமின் அதற்கு உதவவில்லை, ஆனால் ஆழ்ந்த சோர்வில் இருந்தவர்களைத் தூக்கிவிடுகிறது என்று கவனித்து 1957-இல் எழுதினார். மூன்றாவது தடயம் நம் பக்கத்திலிருந்து போனது. சர்ப்பகந்தி வேரை இந்திய நாட்டு வைத்தியம் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தது. அதன் மருத்துவப் பயனை கணநாத் சென், கார்த்திக் போஸ் இருவரும் 1931-இல் எழுதினார்கள். பிறகு மும்பையின் ருஸ்தம் வக்கீல் அதை ரத்த அழுத்தத்துக்கு உலக அளவில் அறிமுகப்படுத்தினார். அந்த வேரிலிருந்து எடுத்த ரெசர்பின் சிலரை இருண்ட மனநிலையில் தள்ளியதாக மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். மூளையில் செரோட்டோனின் போன்ற வேதிப்பொருள்களை அது வற்றச் செய்கிறது என்று 1955-இல் ஆய்வகத்தில் தெரிந்தது. ஒரு மருந்து அவற்றைக் கூட்டினால் தேறுகிறார்கள், இன்னொன்று குறைத்தால் சோர்கிறார்கள். ஆகவே மனச்சோர்வு என்பது அந்தப் பொருள்களின் பற்றாக்குறை என்று முடிவு கட்டினார்கள்.

கேட்க அழகான முடிவு. பிறகு வந்த ஆராய்ச்சி அதை அப்படியே நிற்கவிடவில்லை. செரோட்டோனின் குறைவுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022-இல் வந்த ஒரு பெரிய மறுபார்வை சொன்னது. மருந்தே பயனில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. 2018-இல் வெளியான இன்னொரு பெரும் தொகுப்பு 522 பரிசோதனைகளை, ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பேரின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ஆராய்ந்த 21 மருந்துகளும் வெறும் மாத்திரையைவிட மேல். ஆனால் வித்தியாசம் சொற்பம். ஏன் உதவுகிறது என்பதை முழுக்க அறியாமலே உதவும் மருந்துகள் உலகில் நிறைய. அந்தக் காலத்து ஆஸ்பிரினும் அப்படித்தான்.

மருந்தை மட்டும் நம்பினால் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்க அமெரிக்க அரசு 2001-இல் ஒரு மாபெரும் ஆய்வைத் தொடங்கியது. 4,041 நோயாளிகள், சாதாரண மருத்துவமனைகள். முதல் மருந்தில் முழுக்கத் தேறியவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். தேறாதவர்களுக்கு மருந்தை மாற்றி, பிறகும் மாற்றி, நான்கு படிகள் வரைக்கும் போனார்கள். ஒவ்வொரு படியிலும் தேறியவர்கள் குறைந்தார்கள், பாதியில் நின்றவர்கள் கூடினார்கள். நான்கு படிகளும் ஏறினால் மூன்றில் இரண்டு பேர் தேறலாம் என்று கணக்கிட்டு வெளியிட்டார்கள். அந்தக் கணக்கு மிகையானது என்று பின்னால் வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளைப் புரட்டிச் சண்டை பிடித்தார்கள். யார் சொன்னது சரியானாலும், முதல் மாத்திரையில் தேறாத மூன்றில் இரண்டு பேருக்கு வேறு வழி வேண்டியிருந்தது.

அந்த வழி மிக எளிமையான ஓர் எண்ணத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் லெவின்சன் 1970-களில் சொன்னது இது: சோர்ந்தவர் செயலை விடுகிறார். செயலை விட்டதும் அதிலிருந்து கிடைத்த சிறு மகிழ்ச்சிகளும், நாலு பேர் முகமும், "நல்லா செஞ்சிருக்கே" என்ற ஒரு வார்த்தையும் போய்விடுகின்றன. அவை போனதும் சோர்வு இன்னும் கூடுகிறது, கூடியதும் மிச்சச் செயலும் நிற்கிறது. மனம் சரியானதும் எழுந்திருப்பேன் என்று காத்திருப்பவருக்கு அந்த நாள் வருவதே இல்லை. ஆகவே முதலில் செயலைத் திட்டமிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள், மனம் பின்னால் வரும் என்றார். பலர் இதைப் பாட்டி வைத்தியம் என்று நினைத்தார்கள். 1996-இல் நீல் ஜேக்கப்சன் சியாட்டிலில் ஓர் ஆய்வு செய்தார். அப்போது கொடிகட்டிப் பறந்த சிந்தனைமாற்றச் சிகிச்சையைப் பிரித்து, அதில் செயல் திட்டமிடும் பகுதியை மட்டும் தனியாக ஒரு குழுவுக்குக் கொடுத்தார். முழுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2016-இல் இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்த ஆய்வு இன்னொரு படி மேலே போனது: இளநிலைப் பணியாளர்கள் கொடுத்த செயல்சிகிச்சை, தேர்ந்த உளவியலாளர்கள் கொடுத்த சிந்தனைமாற்றச் சிகிச்சைக்கு எந்த விதத்திலும் குறையவில்லை; செலவு குறைவு.

மலேசியாவுக்கு இது ஏன் பெரிய செய்தி? 2018 கணக்குப்படி நாடு முழுக்க இருந்த மனநல மருத்துவர்கள் 410 பேர். மூன்று கோடி மக்களுக்கு இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு மனச்சோர்வுக்குச் சிகிச்சை என்று பேசுவதே கொஞ்சம் துணிச்சல்தான்.

இந்தப் பற்றாக்குறைக்கு ஒரு விடை இந்தியாவின் கோவாவிலிருந்து வந்தது. அங்கே இருக்கும் சங்கத் என்ற ஆராய்ச்சி நிறுவனம் 1996-இல் தொடங்கியது. விக்ரம் படேலும் அவர் கூட்டாளிகளும் அங்கே செய்த பரிசோதனையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள். மருத்துவம் படிக்காத, மனநலத்தில் எந்தப் பட்டமும் இல்லாத உள்ளூர்க்காரர்களைத் தேர்ந்தெடுத்துச் செயல்சிகிச்சையில் பயிற்சி கொடுத்து ஆலோசகர்கள் ஆக்கினார்கள். டாக்டரைப் பார்க்க வந்தவர்களிடம் ஒன்பது கேள்விகள் கேட்டார்கள். அந்தக் கேள்விப் பட்டியல் 2001-இல் வெளியானது, பிஎச்கியூ-9 என்று பெயர், காசு கொடுக்காமல் யாரும் பயன்படுத்தலாம். கடந்த இரண்டு வாரங்களில் ஆர்வமில்லாமை, சோர்வு, தூக்கம், பசி, தன்னைத்தானே பழித்துக்கொள்வது என்று ஒவ்வொன்றும் எத்தனை நாள் தொந்தரவு செய்தது என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. கோவாவில் 14-க்கு மேல் எடுத்தவர்களை, அதாவது கடுமையான சோர்வில் இருந்த 495 பேரை ஆய்வில் சேர்த்தார்கள்.

யாருக்கு ஆலோசகர், யாருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை, நோயாளியும் முடிவு செய்யவில்லை. குலுக்கல் முடிவு செய்தது. இந்தக் குலுக்கல்தான் முழு ஆய்வின் உயிர். டாக்டர் தேர்ந்தெடுத்தால், கொஞ்சம் தேறும் முகமாக இருப்பவர்களை அறியாமலே ஆலோசகரிடம் அனுப்பிவிடுவார். பிறகு தேறியதன் பெருமை ஆலோசகருக்குப் போகும். மூன்று மாதம் கழித்து, யார் எந்தக் குழு என்று தெரியாதவர்கள் வந்து அளந்தார்கள். ஆலோசகரைச் சந்தித்தவர்களில் நூற்றுக்கு 64 பேர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். சந்திக்காதவர்களில் 39 பேர்.

அந்த 39-ஐ அலட்சியமாகத் தாண்டிவிடக்கூடாது. சோர்வு பலருக்குத் தானாகவே ஓரளவு வடியும். யாராவது அக்கறையாகக் கேள்வி கேட்டதே சிலருக்கு மருந்து. ஒப்பிட ஆள் இல்லாமல் வெறுமனே 64 என்று விளம்பரம் செய்திருந்தால் எல்லாப் புகழும் சிகிச்சைக்குப் போயிருக்கும். சிகிச்சை கொண்டுவந்த உண்மையான லாபம் நூற்றுக்கு 25 பேர். நான்கு பேரைச் சந்தித்தால் ஒருவர் கூடுதலாக மீள்கிறார் என்று கணக்கு. இதய நோய்க்கு நாம் கூசாமல் விழுங்கும் சில மாத்திரைகளின் கணக்கு இதற்குப் பக்கத்தில்கூட வராது.

சந்திப்புகள் ஆறிலிருந்து எட்டு வரை. ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்துக்கு உள்ளே, கிளினிக்கிலோ வீட்டுத் திண்ணையிலோ. என்னதான் பேசுவார்கள்? நம் சுங்கை சிப்புட் அம்மாவை அங்கே உட்காரவைத்துப் பார்ப்போம்.

ஆலோசகர் முதலில் நோயைப் பற்றிப் பேசுவதில்லை. "நேத்து காலையில எழுந்ததிலிருந்து என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்கிறார். ஒன்றும் செய்யவில்லை என்கிறார் அம்மா. "பரவாயில்ல. எத்தனை மணிக்கு எழுந்தீங்க? அப்புறம்?" ஒரு தாளில் மணிவாரியாகக் கோடு போட்டு எழுதுகிறார்கள். எழுதும்போதுதான் தெரிகிறது, நாள் முழுக்க ஒரே மாதிரி இல்லை. மத்தியானம் பக்கத்து வீட்டுப் பேரப்பிள்ளை வந்து அரை மணி நேரம் விளையாடியிருக்கிறது; அந்த நேரத்துக்கு எதிரே மனநிலை கொஞ்சம் மேல். டிவி முன்னால் மூன்று மணி நேரம். அங்கே மிகக் கீழ். அடுத்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை தீர்மானிக்கிறார்கள். கோயிலுக்குப் போவது என்று அம்மா சொன்னால், நல்ல ஆலோசகர் அதைக் குறைப்பார்: "கோயில் அப்புறம் பாக்கலாம்மா. வெள்ளிக்கிழமை காலையில ஆறரை மணிக்கு வாசல்ல தண்ணி தெளிச்சு கோலம் மட்டும் போடுங்க. மனசு வரலன்னாலும் போடுங்க. போட்ட பிறகு எப்படி இருந்துச்சுன்னு மட்டும் குறிச்சு வைங்க." அடுத்த சந்திப்பில் கோலம் போட்டாரா என்று கேட்பார்கள். போடவில்லை என்றால் திட்டுவதில்லை. எது தடுத்தது என்று தேடுவார்கள். மகனோடு பணத் தகராறு என்று வெளியே வந்தால், அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். எட்டு வாரம் இப்படியே போகும். மாயம் ஒன்றும் கிடையாது. கைப்பிரதி ஒன்று உண்டு, அதை ஒட்டித்தான் நடக்கவேண்டும்.

பால்மரம் சீவியவர்களுக்கு இந்தச் சிகிச்சையில் ஒரு விசித்திரமான பரிச்சயம் இருக்கும். கமுனிங், டோவன்பி, எல்ஃபில் என்று சுங்கை சிப்புட்டைச் சுற்றிய தோட்டங்களில் மனம் வந்தாலும் வராவிட்டாலும் நாள் தொடங்கிவிடும். விடியுமுன் பிரட்டு, குளிர் போகுமுன் வெட்டு, ஏனென்றால் வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். பத்து, பதினொரு மணிக்குப் பால் எடுப்பு, ஸ்டோரில் எடை, பிறகு குளியல், சமையல், சாயந்தரம் திடல், ஆண்டுக்கொரு முறை மாரியம்மன் திருவிழா. 1877-இல் கோலகங்சாரில் நட்ட சில கன்றுகளோடு பேராக்கில் தொடங்கிய ரப்பர், நாலைந்து தலைமுறைக்கு மணி பார்த்து வாழ்க்கை நடத்தச் சொல்லிக்கொடுத்தது. செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீட்டுமனைகளாயின, லயங்கள் இடிந்தன. போனது வேலை மட்டுமா? நாளின் எலும்புக்கூடே போயிற்று. பங்சாபுரி அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுக்காரரை எழுப்ப யாருக்கும் அவசியமில்லை.

அதற்காகத் தோட்டத்தைச் சொர்க்கமாக்க நான் தயாரில்லை. மழை பெய்தால் கூலி இல்லை, கள்ளுக்கடையும் சம்சுவும் எத்தனை வீடுகளைத் தின்றன என்று லயத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அந்த மணி முதலாளியின் லாபத்துக்காக அடித்த மணி. செயல்சிகிச்சையில் அட்டவணை போடுகிறவர் நோயாளி; வேறுபாடு அங்கேதான். தனக்கு மதிப்பானது எது என்று அவரே சொல்லவேண்டும். கோலமா, தோட்டவேலையா, பழைய சிநேகிதிக்கு ஒரு போனா என்று ஆலோசகர் மேலிருந்து திணித்தால் அது கங்காணி வேலை ஆகிவிடும்.

ஊர்க்காரர்களே சிகிச்சை கொடுக்கும் இந்த முறை கோவாவோடு நிற்கவில்லை. பாகிஸ்தானில் அதிஃப் ரஹ்மான் குழு, வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பெண்களைக் கொண்டு சோர்வுற்ற தாய்மார்களிடம் நடத்திய ஆய்வு 2008-இல் வந்தது: ஆறு மாதக் கைக்குழந்தையோடு இருந்தபோது, சிகிச்சை பெற்ற தாய்மாரில் 23 விழுக்காட்டினரிடம் சோர்வு, மற்றவர்களில் 53. ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் டிக்சன் சிபாண்டா பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கிளினிக் வளாகத்தில் மரத்தடி பெஞ்சுதான் அவர்களுக்குச் சிகிச்சை அறை. 2016-இல் வெளியான 573 பேரின் ஆய்வில், ஆறு மாதம் கழித்துப் பெஞ்சுக்கு வந்தவர்களில் 14 விழுக்காட்டினருக்கு மட்டுமே சோர்வு மிஞ்சியது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு.

தோற்ற ஆய்வுகளும் உண்டு. எனக்கென்னவோ அவற்றில்தான் பாடம் அதிகம் என்று படுகிறது. சங்கத் நிறுவனத்தின் முந்தைய பெரிய பரிசோதனை 2010-இல் வந்தது. 24 நிலையங்கள், 2,796 நோயாளிகள். அரசுச் சுகாதார நிலையங்களில் ஆலோசகர் வந்ததும் நோயாளிகள் தெளிவாக முன்னேறினார்கள். தனியார் கிளினிக்குகளில் வித்தியாசமே இல்லை. அங்கே குடும்ப டாக்டர் நோயாளியை ஏற்கெனவே பெயர் சொல்லி அழைத்து, நின்று பேசி, மறுபடி வரச்சொல்லியிருப்பார்; ஆலோசகர் செய்யவேண்டியதில் பாதி அங்கேயே நடந்துகொண்டிருந்தது என்பது ஒரு விளக்கம். ஈப்போவில் முப்பது வருஷமாக ஒரே டாக்டரிடம் போகும் குடும்பங்களுக்கு இது புதிராக இருக்காது. ஒரே சிகிச்சை ஓர் இடத்தில் பலித்து இன்னோர் இடத்தில் பலிக்காமல் போகும் என்பதால்தான் ஒவ்வோர் ஊரிலும் மறுபடி அளக்கவேண்டியிருக்கிறது.

கிளினிக் வரிசைக்கு மிக நெருக்கமான ஆய்வு சென்னையிலிருந்து வந்தது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து இந்தியாவின் நான்கு நீரிழிவு மையங்களில் 404 பேரிடம் இரண்டு ஆண்டு நடத்தி 2020-இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் சர்க்கரையும் கட்டுப்படவில்லை, மனச்சோர்வும் இருந்தது. ஒரு குழுவுக்கு மட்டும் ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர். அவர் டாக்டர் அல்ல; சர்க்கரை, ரத்த அழுத்தம், மனநிலை மூன்றையும் ஒரே ஏட்டில் எழுதி, மனநல நிபுணரோடும் நீரிழிவு நிபுணரோடும் குறித்த இடைவெளியில் உட்கார்ந்து, யார் முன்னேறவில்லை என்று பார்த்து மருந்தை மாற்றச் சொல்பவர். அந்தக் குழுவில் மனமும் உடம்பும் சேர்ந்து முன்னேறியவர்கள் கூடுதல். மலேசிய இனங்களில் நீரிழிவு விகிதம் மிக அதிகம் இந்தியர்களிடம்தான். தேசிய ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சோர்ந்தவர் மாத்திரையை மறப்பார், நடைப்பயிற்சியை விடுவார், சீனி ஏறும்; சீனி ஏறினால் அசதி கூடும், சோர்வு கூடும். மெட்ஃபோர்மினைக் கூட்டிய அந்த இளம் டாக்டரின் அறையிலேயே இரண்டாவது நோய்க்கும் வாசல் இருந்தது.

எத்தனை பேருக்கு இந்த வாசல் தேவை? மலேசியச் சுகாதார அமைச்சின் தேசியச் சுகாதார, நோய் ஆய்வு 2015-இல் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் என்றது. 2019-இல் மனச்சோர்வு 2.3 விழுக்காடு என்றது. பத்திரிகைகள் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் படிப்பவர்களைக் குழப்பின. முதல் எண் பொதுவான மன உளைச்சலைச் சல்லடை போட்டது. இரண்டாவது மனச்சோர்வு என்ற ஒரு நோயை மட்டும் எண்ணியது. அளவுகோல் வேறு. ஆனால் மனச்சோர்வுக்கு 2023-இல் வந்த எண் 4.6, ஏறக்குறைய பத்து லட்சம் பேர், முந்தியதைப்போல் இரு மடங்கு. நடுவில் கோவிட் வந்து போயிருந்தது.

எண்களின் இருண்ட ஓரத்தையும் பேசாமல் இருக்க முடியாது. பேராசிரியர் தி. மணியம் 1988-இல் கேமரன் மலையைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை, அங்கே தற்கொலை விகிதம் கூடுதல் என்பதையும், இந்தியர்களிடம் அது தூக்கலாக இருப்பதையும், வேளாண் நஞ்சு எளிதில் கைக்கு எட்டுவதையும் காட்டியது. இங்கே மருத்துவத்தைவிடச் சட்டம் அதிகம் செய்யலாம் என்பதை இலங்கை நிரூபித்தது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததும், 1995-இல் உச்சத்தில் இருந்த விகிதம் இருபது ஆண்டுகளில் சுமார் 70 விழுக்காடு இறங்கியது. நெருக்கடி நிமிடம் கடந்துபோகும். கையருகே நஞ்சு இல்லாவிட்டால் பலர் உயிரோடு மறுநாளைப் பார்க்கிறார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகும் வாழ்கிறார்கள். மலேசியா பாராகுவாட்டை 2020 ஜனவரியில் தடை செய்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கியது. உதவி கேட்டால் போலீஸ் வருமோ என்ற பயம் இனி வேண்டாம். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. ஈப்போவில் பிஃப்ரெண்டர்ஸ் தொண்டர்களும் இருக்கிறார்கள். இந்தப் பத்தியைப் படிக்கும்போது மனம் கனத்தால் எண்ணை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

கட்டமைப்பு இல்லாமலும் இல்லை. 2001-இன் மனநலச் சட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்தது. மெந்தாரி என்ற சமூக மனநல மையங்கள் ஊருக்குள் வந்தன. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்டில் மனநலப் பரிசோதனையும் மருந்தும் கிடைக்கும். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையிலேயே ஒரு மருத்துவ ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அரசு மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிய கேள்விகளைத் தாங்களே ஆராய அமைத்தது. கோவாவில் நடந்தது போன்ற ஒன்றை சுங்கை சிப்புட்டிலோ தெலுக் இந்தானிலோ நடத்த ஒரு குழு கிளம்பினால், முதல் ஆறு மாதம் நோயாளி யாரையும் பார்க்காமலே போகும். நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ஒன்பது கேள்விகளையும் தோட்டத்துத் தமிழில் எழுதி, வேறொருவரைக் கொண்டு மறுபடி மூல மொழிக்குத் திருப்பி, பொருள் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு நூற்றுக்கணக்கானோரிடம் அதைக் கொடுத்து, மனநல மருத்துவர் தனியாகப் பரிசோதித்த முடிவோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கவேண்டும். உடம்பு வலியாகவே சோர்வைச் சொல்லும் பெண்களைப் பட்டியல் தவறவிடுகிறதா என்பதும், வாசிக்கத் தெரியாதவரிடம் வாய்மொழியாகக் கேட்டால் மதிப்பெண் மாறுகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.

ஆலோசகர் யார் என்பது அதைவிடச் சிக்கல். அதே தாமானில் குடியிருப்பவர் என்றால் நம்பிக்கை இருக்கும், ரகசியம் இருக்குமா என்ற சந்தேகமும் கூடவே வரும். கோயில் கமிட்டிக்காரர் என்றால் பாதிப் பேர் வாய் திறக்கமாட்டார்கள். பழைய ஆயாக்கொட்டகை ஆயா, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, மெந்தாரியில் பகுதிநேர வேலை தேடும் இளம்பெண் என்று மூன்று வகையையும் எடுத்து, யாரிடம் நோயாளிகள் எட்டாவது சந்திப்பு வரை நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதே என் யோசனை. கோவாவில் ஆலோசகர்கள் வாரம் ஒரு முறை கூடி, சம்மதத்தோடு பதிவுசெய்த சந்திப்புகளைப் போட்டுக் கேட்டு ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டார்கள். அந்த மதிப்பெண் நிபுணர்கள் போட்டதோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. நிபுணர் வாராவாரம் வரத் தேவையில்லை என்பதற்கு அதுவே சான்றாயிற்று. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு ஓர் அறை வேண்டும், வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் வேண்டும், பஸ் காசு வேண்டும், மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டும். வெளிநாட்டு நிதியில் நடக்கும் ஆய்வு மூன்று ஆண்டில் முடிந்துவிடும். நான்காவது ஆண்டில் அந்தச் சம்பளம் சுகாதார அமைச்சின் எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்பதை முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளும் குழுவுக்குத்தான் என் வாக்கு.